ஸரன்தீபில் ஓர் அறபுக் கவிஞர்: மஹ்மூத் ஸாமி அல்-பாரூதி

ஒறாபி பாஷாவின் பெயரைக் கேள்விப்படாத இலங்கை முஸ்லிம் பிள்ளை இருக்க முடியாது. வரலாற்றுப் பாடத்தில் அவர் வருகிறார். ஸாஹிராக் கல்லூரியின் தோற்றத்தைப் பற்றிப் பேசும்போது வருகிறார். நமது மூத்த தலைமுறையினர் அணிந்த துருக்கித் தொப்பியின் கதையிலும் வருகிறார். ஆனால் 1883 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்தில் வந்து நின்ற மரியோட்டிஸ் என்ற கப்பலில் அவர் மட்டும் வரவில்லை. நாடுகடத்தப்பட்ட எகிப்தியத் தலைவர்கள் எழுவர் அதில் இருந்தனர். அவர்களுள் ஒருவர் எகிப்தின் முன்னாள் பிரதமர். பல நூற்றாண்டுகளாக உயிரற்றுக் கிடந்த அறபுக் கவிதையை எழுப்பி நிறுத்தியவர் என்று அறபுலகம் இன்று போற்றுவதும் அவரைத்தான். அவருடைய பெயர் மஹ்மூத் ஸாமி அல்-பாரூதி.

அவர் பதினேழு ஆண்டுகள் நம் நாட்டில் வாழ்ந்தார். தமது கவிதைகளுள் மிகச் சிறந்தவை என்று திறனாய்வாளர் கருதும் பலவற்றை இந்த மண்ணில் இருந்துதான் எழுதினார். இருந்தும் ஒறாபியை நினைவில் வைத்த நாம் பாரூதியை எளிதாக மறந்துவிட்டோம். அரசியல் தலைவருக்குச் சிலையும் தெருவும் கிடைக்கின்றன. கவிஞருக்கு வாசகர் கிடைத்தால்தான் உண்டு. அவர் எழுதிய மொழியோ நம்மில் பலருக்கு ஓதத் தெரிந்தும் பொருள் விளங்காத மொழி.

பாரூதி 1839ஆம் ஆண்டு கெய்ரோவில் பிறந்தார். எகிப்தை ஒரு காலத்தில் ஆண்ட சர்க்கேசிய மம்லூக் வம்சத்தவர்களின் வழிவந்த குடும்பம் அவருடையது. பாரூத் என்ற சொல்லுக்கு வெடிமருந்து என்று பொருள். போர்வீரர் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது கடினம். ஆனால் குடும்பத்துக்கு அந்தப் பெயர் போரினால் வரவில்லை. நைல் கழிமுகப் பகுதியில் உள்ள ஈத்தாய் அல்-பாரூத் என்ற ஊரின் வரி நிர்வாகம் முன்னோர் ஒருவரிடம் இருந்தது. அந்த ஊர்ப் பெயரே குடும்பப் பெயராயிற்று. தந்தை ஹஸன் ஹுஸ்னி பீரங்கிப் படை அதிகாரி. பின்னர் சூடானில் பெர்பெர், டொங்கோலா பகுதிகளின் ஆளுநராக இருந்தார். மகனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அவர் காலமானார்.

பன்னிரண்டு வயதுவரை வீட்டிலேயே ஆசிரியர்களிடம் கல்வி. அதன்பின் இராணுவப் பாடசாலை. 1855இல் படிப்பை முடித்து வெளியே வந்தபோது அந்தப் படையில் அவருக்குச் செய்ய எதுவும் இருக்கவில்லை. முஹம்மத் அலியின் காலத்துப் பெரும் படை சுருங்கிப்போயிருந்தது. கையில் வாள் இருந்தும் போர் இல்லாத அந்த இளைஞர் புத்தகங்களுக்குள் புகுந்தார். முத்தனப்பி, அபூ தம்மாம், புஹ்துரி, அபூ ஃபிராஸ், ஷரீஃப் அர்-ரழி என்று அப்பாஸியக் காலத்துத் திவான்களைத் தேடித்தேடிப் படித்தார். இலக்கண நூலையோ யாப்பிலக்கண நூலையோ அவர் ஆசிரியரிடம் முறையாகப் பாடம் கேட்டதில்லை. அவருடைய நண்பரும் கெய்ரோவின் புகழ்பெற்ற மரபுப் பேரறிஞருமான ஷெய்கு ஹுஸைன் அல்-மர்ஸஃபி இதைப் பதிவு செய்திருக்கிறார். பழைய கவிதையைக் கேட்டும் வாசித்தும் மனத்தில் ஏற்றியும், இலக்கணம் தவறாத மொழி அவருக்குத் தானாகவே வாய்த்தது. மர்ஸஃபி கண்பார்வை அற்றவர். அவருடைய நண்பருக்கும் ஒருநாள் அதே நிலை வரும் என்பதை அப்போது யார்தான் எண்ணியிருப்பார்!

இது ஏன் பெரிய செய்தி என்பதை விளங்கிக்கொள்ள, அக்கால அறபுக் கவிதை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். கவிதை ஒரு சொல்விளையாட்டாகிப் போயிருந்தது. எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் ஆண்டு வரும்படி ஒரு வரி, புள்ளியில்லாத எழுத்துகளால் மட்டும் ஒரு பாட்டு, ஒரே சொல்லை இரு பொருளில் வைத்து ஒரு வித்தை. நம் தமிழிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புலவர்கள் யமகத்திலும் திரிபிலும் சித்திரகவியிலும் காலம் கழித்ததை நினைத்துக்கொண்டால் போதும். வித்தை இருந்தது, பாடியவனின் மனம் அதில் இருக்கவில்லை. பாரூதி அந்த நூற்றாண்டுகளைத் தாண்டி ஆயிரம் ஆண்டு பின்னால் சென்றார். அங்கிருந்து மொழியின் வலுவை எடுத்துவந்து தம் வாழ்க்கையைச் சொன்னார். அறபு இலக்கிய வரலாற்றில் இதனைப் புத்துயிர்ப்புப் பள்ளி என்பர்.

வேலை தேடி இஸ்தான்பூல் சென்றார். அங்கே உஸ்மானிய வெளிவிவகார அலுவலகத்தில் பணியாற்றினார். துருக்கியும் பாரசீகமும் கற்று அம்மொழிகளிலும் கவிதை எழுதினார். 1863இல் எகிப்தின் புதிய ஆட்சியாளர் இஸ்மாயீல் இஸ்தான்பூலுக்கு வந்தபோது அவருடைய பரிவாரத்தில் சேர்ந்து நாடு திரும்பினார். அதற்குப் பிறகு ஏணிப்படிகள்தான். கிரேட் தீவில் கிளர்ச்சி எழுந்தபோது எகிப்தியப் படையோடு சென்று போரிட்டார். 1877இல் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போர் மூண்டபோது அங்கும் சென்றார். போர்க்களத்தில் உறக்கம் வராத இரவையும் பாசறையையும் குதிரைகளையும் கடலையும் அவர் கண்ணால் கண்டபடி பாடினார். பிற கவிஞர்கள் போரை ஏட்டில் படித்துப் பாடினர். இவரோ அதற்குள் நின்று பாடினார். வாளுக்கும் பேனைக்கும் உடையவர் என்ற பொருளில் ரப்புஸ் ஸைஃபி வல்-கலம் என்று அறபிகள் அவரை அழைத்தது இதனால்தான்.

இளமைக் காலத்தில் அவர் எழுதிய காதற் கவிதைகள் ஏராளம். அவற்றில் மதுவும் உண்டு, வேட்டையும் உண்டு, மான்விழிப் பெண்களும் உண்டு. தம்மைத் தாமே புகழும் பெருமிதமும் குறைவில்லை. இவற்றை மூடிமறைக்க வேண்டிய தேவையில்லை. அறபுக் கவிதை மரபில் ஃகஸல் என்ற காதற்பாட்டும் ஃபக்ர் என்ற தற்பெருமைப் பாட்டும் பயில்வோர் கட்டாயம் கடக்கவேண்டிய படிகள். ஆனால் அந்தக் காதலிகளுக்கு முகம் கிடையாது. அவர்கள் யாருடைய வீட்டிலும் வாழ்ந்தவர்களல்லர். ஏட்டிலிருந்து ஏட்டுக்கு ஆயிரம் ஆண்டு நடந்துவந்த நிழல்கள். வாசித்தால் இனிமை இருக்கிறது. வாசித்து முடித்தபின் மனத்தில் ஒருவரும் தங்குவதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பின்னால் ஸரன்தீபில் நடந்தது இதற்கு நேர் எதிரானது.

அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எகிப்து ஐரோப்பியக் கடனில் மூழ்கியிருந்த காலம் அது. பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் நாட்டின் வரவு செலவைக் கண்காணித்தனர். படையில் சுதேச எகிப்தியருக்கு உரிய இடம் மறுக்கப்பட்டது. கேர்னல் அஹ்மத் ஒறாபியின் தலைமையில் அதிகாரிகள் கிளர்ந்தெழுந்தனர். பாரூதி விவசாயி மகனல்லர், ஆளும் வகுப்பைச் சேர்ந்தவர். இருந்தும் அவர் மக்கள் பக்கம் நின்றார். 1879இல் வக்பு அமைச்சர், 1881இல் போர் அமைச்சர், 1882 பெப்ரவரியில் பிரதமர். அவருடைய அமைச்சரவையில் ஒறாபி போர் அமைச்சர். மக்கள் பிரதிநிதிகள் சபைக்கு அதிகாரம் அளிக்கும் அடிப்படைச் சட்டம் அந்த அமைச்சரவையின் முதல் வாரத்திலேயே வெளிவந்தது. ஆனால் ஆட்சி மே மாதம் வரைதான் நீடித்தது. ஜூலை 11ஆம் திகதி பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியாவைக் குண்டுவீசித் தாக்கியது. செப்டெம்பர் 13ஆம் திகதி விடியற்காலையில் தல் அல்-கபீரில் எகிப்தியப் படை தோற்றது. விசாரணை நடந்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது வாழ்நாள் நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. பட்டங்கள் பறிக்கப்பட்டன, சொத்துகளும் பறிமுதலாயின. டிசம்பர் கடைசியில் எழுவரும் சுயஸில் கப்பலேறினர்.

ஆங்கிலேயர் அவர்களை இலங்கைக்கு அனுப்பத் தெரிவு செய்ததற்குக் காரணம் இது கடலால் சூழப்பட்ட தங்கள் குடியேற்ற நாடு என்பதே. அறபிகளுக்கோ இது ஸரன்தீப், ஆதம் நபி (அலை) அவர்கள் பூமியில் இறங்கிய இடமென்று அவர்களுடைய பழங்கதைகள் சொல்லும் தீவு. சுவர்க்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டவரின் தீவுக்கு நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள். கரையில் கொழும்பு முஸ்லிம்கள் திரண்டு நின்றார்கள். அறிஞர் சித்தி லெப்பை அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். எகிப்தியரின் வருகை அவருக்கும் அவருடைய பத்திரிகைக்கும் பெரும் உற்சாகம் அளித்தது. பின்னர் அவர் எழுதிய அஸன்பேயுடைய கதையில் கெய்ரோ நகரம் வருவதற்கு இந்தத் தொடர்பும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது.

வரவேற்பு எவ்வளவு பெரிதானாலும் சில மாதங்களில் அது ஓய்ந்துவிடும். அதன்பிறகு எஞ்சுவது வீடும் நினைவும். பாரூதியின் மனைவி அதீலா, யகன் குடும்பத்தைச் சேர்ந்தவர். எகிப்தின் ஆளும் குடும்பத்தோடு உறவுள்ள பெருங்குடும்பம் அது. கணவர் நாடுகடத்தப்பட்டபோது பிள்ளைகளோடு அவர் எகிப்திலேயே தங்கினார். பாரூதி இங்கு வந்து நெடுநாள் ஆகுமுன், கப்பல் தபாலில் ஒரு செய்தி வந்தது. அதீலா காலமாகிவிட்டார். கபுறடிக்குச் செல்ல முடியாது. பிள்ளைகளை அணைத்துக்கொள்ள முடியாது. ஜனாஸா அடக்கப்பட்டுப் பல நாட்களுக்குப் பிறகு, ஈரப்பதம் நிறைந்த கொழும்பில் ஒரு வீட்டில், ஒரு கடிதத்தில் இருந்து அதை அறிகிறார்.

அப்போது அவர் எழுதிய மர்ஸிய்யாவே அறபு மொழியின் மிகச் சிறந்த இரங்கற்பாக்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. மரணத்தின் கையை நோக்கி அவர் பேசத் தொடங்குகிறார். இந்த நெருப்பை ஏன் மூட்டினாய் என்று கேட்கிறார். போர்க்களத்தில் கலங்காத தம் உடல் இந்தச் செய்தியைத் தாங்கமுடியாமல் தளர்ந்துபோனதை ஒளிக்காமல் சொல்கிறார். தமக்கு இரங்காவிட்டாலும் பிள்ளைகளுக்காவது இரங்கியிருக்கலாகாதா என்று காலத்திடம் முறையிடுகிறார். தாயை இழந்து, உறக்கமிழந்து, அணிகளைக் கழற்றிவிட்டு அழும் பெண்பிள்ளைகள் அந்தக் கவிதையில் வருகிறார்கள். அவர்களைக் கவிஞர் கண்ணால் காணவில்லை. ஆயினும் எத்தனையோ நாட்கடல் தூரத்தில் இருந்துகொண்டு அவர்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் காண்கிறார்.

இந்தக் கவிதையின் துணிவு இன்று நமக்கு எளிதில் விளங்காது. அறபு மர்ஸிய்யாவின் வரலாற்றில் பெண்கள் ஆண்களுக்காக அழுதார்கள். தம் சகோதரர் ஸக்ருக்காக அழுத கன்ஸாவை (ரழி) நாம் அறிவோம். ஆண்களோ அரசர்களுக்காகவும் தளபதிகளுக்காகவும் ஆசான்களுக்காகவும் அழுதார்கள். சொந்த மனைவிக்காக ஓர் ஆண் வெளிப்படையாகப் புலம்புவது ஆண்மைக்கு இழுக்கென்று கருதப்பட்டது. வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சபையில் பேசக்கூடாது என்ற எண்ணமும் இருந்தது. உமையாக் காலத்துக் கவிஞர் ஜரீர் தம் மனைவிக்கு மர்ஸிய்யா பாடியது உண்டு. ஆனால் அங்கும் வெட்கம் ஒரு தடையாக வந்து நிற்கிறது. பாரூதிக்கு அந்த வெட்கம் இல்லை. படைத்தளபதி, பிரதமர், பெருமிதப் பாட்டுகளால் தம்மைத் தாமே உயர்த்திக்கொண்டவர், தம் மனைவியை இழந்து உடைந்துபோன மனிதராக எல்லோர் முன்னிலையிலும் நிற்கிறார். இளமையில் முகமற்ற காதலிகளை நூறு பாட்டில் பாடியவரின் உண்மையான காதற்கவிதை இதுதான் என்பது என் எண்ணம். அந்தப் பெண்ணுக்கு முகம் உண்டு, வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு. அவருக்கு வயதும் வாழ்வும் உண்டு. அதனால்தான் வாசிப்பவர் மனத்தில் அவர் தங்குகிறார்.

இன்னொரு கவிதை இதைவிட மென்மையானது. பழைய அறபுக் காதற்பாட்டில் தைஃப் என்று ஒரு மரபு உண்டு. பிரிந்திருக்கும் காதலி இரவில் கனவுருவாக வந்து காதலனைக் கண்டு மறைவாள். நூற்றுக்கணக்கான கவிஞர் இதைப் பாடியிருக்கிறார்கள். பாரூதியும் ஸரன்தீபில் ஒரு தைஃபைப் பாடினார். ஆனால் கனவில் வந்தவள் காதலியல்ல. எகிப்தில் விட்டுவந்த சின்ன மகள் ஸமீரா. வாசலைத் தாண்டிப் பயணம் போய் அறியாத குழந்தை இருளையும் கடலையும் தாண்டி எப்படி வந்தாள் என்று தந்தை வியக்கிறார். கண் விழித்ததும் அவள் இல்லை. ஒரு பழைய கூட்டுக்குள் அவர் புதிய உயிரை வைத்தது இங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. யாப்பு பழையது, கனவு மரபும் பழையது. ஆனால் மகளைக் காணாத ஒரு வாப்பாவின் ஏக்கத்தை அந்த இடத்தில் அவருக்கு முன் யாரும் இப்படி வைத்துப் பார்க்கவில்லை. எங்கள் ஊர்ப்புறங்களில் இன்று எத்தனையோ வீடுகளில் வாப்பாவோ உம்மாவோ கடல் கடந்த நாட்டில் வேலை செய்கிறார்கள். தொலைபேசி இருக்கிறது என்பதைத் தவிர ஸமீராவின் நிலையில் பெரிய மாற்றம் இல்லை.

கொழும்பில் ஏழு ஆண்டுகள் கழிந்தன. வெக்கையும் ஈரமும் பாஷாக்களின் உடலுக்கு ஒத்துவரவில்லை. அவர்களுக்கிடையே மனக்கசப்பும் வளர்ந்திருந்தது. தோல்விக்கு யார் காரணம் என்ற பேச்சு எந்தத் தோல்விக்குப் பிறகும் எழும். அதுவும் ஒரு தீவுக்குள் அடைபட்ட எழுவருக்கிடையே எழுந்தால் அதற்குத் தப்பியோட இடம் ஏது? பாரூதி மலைநாட்டுக்கு, கண்டிக்குச் சென்றார். அங்கே பத்து ஆண்டுகள்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் பாதை நம் கேகாலை மாவட்டத்தின் ஊடாகவே செல்கிறது. வண்டிப் பாதையானால் கேகாலையும் மாவனல்லையும் கடுகண்ணாவைக் கணவாயும். 1867இல் திறந்த ரயில் பாதையானால் ரம்புக்கனையிலிருந்து மேலே ஏறும் வளைவுகள். எந்த வழியாக வந்தாலும் நம் அரநாயக்கவின் பத்தலேகலப் பாறை வலப்புறத்தே தலை தட்டையாக எழுந்து நிற்பது கண்ணில் படும். சப்ரகமுவ மாகாணம் உருவாகியது 1889இல். ஏறத்தாழ அதே காலம்தான். நோயினால் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, அந்தச் சரிவுகளில் தேயிலை நடப்பட்டுக்கொண்டிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் கூட்டங்கூட்டமாக மலையேறிக்கொண்டிருந்தார்கள். ஊரையும் உறவையும் பிரிந்த அவர்களும் பாடினார்கள். அவர்களுடைய ஒப்பாரியையும் தெம்மாங்கையும் திவானாக அச்சிட யாரும் இருக்கவில்லை என்பது வேறு கதை.

கண்டி அப்போது கவிதை இல்லாத ஊரல்ல. கண்டிக் கலம்பகம் பாடிய அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர் தெல்தோட்டைப் பக்கத்தவர், அந்நாளில் இளைஞர். சித்தி லெப்பை கண்டியைச் சேர்ந்தவர். தம் சகோதரி முத்து நாச்சியாவைக் கொண்டு அங்கே முஸ்லிம் பெண்களுக்குப் பாடசாலை நடத்தியவர். பெண்பிள்ளை படித்தால் கெட்டுப்போவாள் என்று ஊர் பேசிய காலத்தில் அது நடந்தது. ஒரே நகரில், ஒரே மழையில், அறபியில் ஒருவர் மகளை நினைத்து ஏங்கிக்கொண்டும் தமிழில் ஒருவர் சந்தம் பாடிக்கொண்டும் இருந்தார்கள்.

கண்டியில் பாரூதி மீண்டும் ஒரு குடும்பத்தை அமைத்துக்கொண்டார். உடன் நாடுகடத்தப்பட்டிருந்த யஃகூப் ஸாமி பாஷாவின் மகளை நாடுகடத்தல் காலத்தில் அவர் மணமுடித்தார். ஆங்கிலம் கற்றார். இங்குள்ளவர்களுக்கு அறபு மொழியும் மார்க்கமும் போதித்தார் என்றும், பள்ளிவாசலில் குத்பா ஓதினார் என்றும் அவருடைய அறபு வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். லெபனானிய அறிஞர் ஷகீப் அர்ஸலானோடு கவிதையிலேயே கடிதத் தொடர்பு வைத்திருந்தார். நாட்டிலிருந்து வந்த கடிதங்களோ பெரும்பாலும் மரணச் செய்திகளையே சுமந்து வந்தன. 1890இல் ஷெய்கு மர்ஸஃபி காலமானார். அதே ஆண்டில் மற்றொரு நண்பரும் கல்வியமைச்சராக இருந்தவருமான அப்துல்லாஹ் ஃபிக்ரியும் காலமானார். இருவருக்கும் இங்கிருந்தே மர்ஸிய்யா எழுதினார். கூட வந்தவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அப்துல் ஆல் ஹில்மி 1891இல் கொழும்பிலும், மஹ்மூத் ஃபஹ்மி 1894இல் கண்டியிலும் மறைந்தார்கள். அவர்களுடைய கபுறுகள் நம் மண்ணில்தான்.

இந்த ஆண்டுகளில் அவர் எழுதிய பெரும் படைப்பு கஷ்ஃபுல் கும்மா ஃபீ மத்ஹி ஸய்யிதில் உம்மா. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பிறப்பு முதல் பாடும் 447 அடிகள் கொண்ட நீண்ட கஸீதா. இமாம் பூஸீரியின் புர்தாவின் யாப்பிலும் எதுகையிலும் அமைந்தது. நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் ரபீஉல் அவ்வல் மாதத்தில் புர்தா ஓதுவோர், இந்தக் கஸீதாவின் ஓசையைக் கேட்டால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். உமறுப் புலவர் தமிழில் சீறாவைப் பாடினார். அறபுச் சீறாப் பாட்டு ஒன்று நம் நாட்டில் நாடிழந்த ஒருவரின் பேனையிலிருந்து பிறந்தது என்பதை நமது மீலாத் மேடைகளில் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

அரசியலைப் பற்றியும் அவர் எழுதாமல் இருக்கவில்லை. தாம் செய்தது கிளர்ச்சியல்ல, நீதியைக் கேட்டது மட்டுமே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அது குற்றமென்றால் அந்தக் குற்றத்துக்காக வருந்தவில்லை என்ற தொனியும் கேட்கிறது. சில இடங்களில் நண்பர்கள் கைவிட்டதைப் பற்றிய கசப்பு அதிகமாகிவிடுகிறது. அந்தப் பாட்டுகள் எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. குற்றஞ்சாட்டும்போது அவர் மீண்டும் பழைய பாஷாவாகிவிடுகிறார். தனிமையைப் பாடும்போதுதான் கவிஞராக நிற்கிறார்.

கண்டியில் அவருடைய பார்வை மங்கத் தொடங்கியது. உடலும் தளர்ந்தது. 1899இல் நாடு திரும்ப அனுமதி கிடைத்தது. நாற்பத்து மூன்று வயதில் வந்தவர் அறுபதில் திரும்பினார். கெய்ரோவைக் கண்டு வியந்து ஒரு கவிதை எழுதினார், ஆனால் அந்த நகரத்தைச் சரியாகக் காணும் ஒளி அவர் கண்களில் எஞ்சியிருக்கவில்லை. 1900இல் கெதிவ் இரண்டாம் அப்பாஸ் ஹில்மி அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார். அரசியலுக்கு அவர் மீளவில்லை. அவருடைய வீட்டுக்கு இளங்கவிஞர்கள் வரத் தொடங்கினார்கள். அஹ்மத் ஷவ்கி வந்தார். அவரைப் போலவே படைவீரராக இருந்த ஹாஃபிஸ் இப்றாஹீம் வந்தார். இஸ்மாயீல் ஸப்ரி வந்தார். லெபனானைச் சேர்ந்த கலீல் முத்ரானும் வந்தார்.

பாரூதியை மனோரதியக் கவிஞர் என்று பாடநூல்கள் அழைப்பதில்லை. புத்துயிர்ப்புப் பள்ளியின் முதல்வர் என்றே அழைக்கின்றன. யாப்பையும் மொழியையும் பார்த்தால் அது சரிதான். அறபு மனோரதியத்தின் வாசலைத் திறந்தவர் என்ற பெயர் முத்ரானுக்கே உரியது. அவருக்குப் பின் 1932இல் கெய்ரோவில் அப்போல்லோ குழு தோன்றியது. இப்றாஹீம் நாஜியும் தூனிஸியாவின் அபுல் காஸிம் அஷ்-ஷாப்பியும் தங்கள் மனத்தையே கவிதையாக்கினார்கள். ஆனால் சபைக்காகப் பாடாமல் தனக்குள் வலித்ததைப் பாடுவது, மனைவியும் மகளும் கவிதைக்குள் வரலாம் என்பது, நிலவும் மழையும் மலையும் பாடுபவனின் தனிமையோடு சேர்ந்துகொள்வது ஆகிய இவையெல்லாம் அவர்களுக்கு ஒரு தலைமுறை முன்னரே ஸரன்தீப் கவிதைகளில் இருக்கின்றன. கொள்கையாக அறிவித்துவிட்டு அவர் அதைச் செய்யவில்லை. பிரிவு அவரைச் செய்வித்தது. பிற்காலத்தில் ஷவ்கியும் ஆங்கிலேயரால் ஸ்பெயினுக்கு நாடுகடத்தப்பட்டார். அவர் அங்கிருந்து எகிப்தை நினைத்து எழுதியபோது, அந்தப் பாதையில் ஏற்கெனவே ஒருவர் நடந்திருந்தார்.

1904 டிசம்பரில் பாரூதி கெய்ரோவில் காலமானார். ஹாஃபிஸ் இப்றாஹீம் மர்ஸிய்யா பாடினார். அவருடைய நூல்கள் எதுவும் அப்போது அச்சில் இல்லை. முப்பது அப்பாஸியக் கவிஞர்களிடமிருந்து அவர் தெரிந்தெடுத்துத் தொகுத்த முக்தாராத் என்ற பெருந்தொகுப்பு நான்கு பாகங்களாக, அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பிறகே வெளிவந்தது. அவருடைய சொந்தத் திவான் இன்னும் காத்திருந்தது. அமைச்சர்களும் பாஷாக்களும் நிறைந்த அந்த நகரத்தில் அதை அச்சேற்ற முன்வந்தவர் அவருடைய விதவை மனைவி. அவர் முயற்சியால் 1915இல் திவான் விளக்கவுரையோடு இரண்டு பாகங்களாக வெளிவந்தது. இன்று அந்தத் திவானைப் புரட்டினால், ஒவ்வொரு கவிதைக்கு மேலேயும் அது எப்போது எங்கே பாடப்பட்டது என்ற சிறு குறிப்பு ஒன்றைப் பல இடங்களில் காணலாம். அவற்றுள் எத்தனையோ குறிப்புகளில் ஸரன்தீப் என்ற நம் நாட்டின் பழைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது.